சாயம் ஊறும் நேரம்

டப்பாவில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஒன்று ஐந்து. ஒன்று பதினைந்துக்குத் துடைக்க வேண்டும், அதற்கு முன்னால் துடைத்தால் சாயம் விரிசலுக்குள் இறங்கியிருக்காது, விரிசல் இருந்தால், இருந்தால்தானே, இல்லாமலும் போகலாம். நவநீதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய செய்தித்தாளின்மேல் அந்தத் துண்டு கிடந்தது. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை, அதன் முனையில் இரண்டு விரல் நுழையக்கூடிய ஒரு குழல், இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி நேற்று மாலை அவன் போட்ட வெல்டிங். அதன்மேல் யாரோ வெற்றிலை துப்பியதுபோல் சிவப்பு வழிந்திருந்தது. கால் இயங்காதவர்களுக்காகக் காரை மாற்றிக் கொடுக்கும் பட்டறை அது, சிங்காநல்லூரில், தண்டபாணி அண்ணனுடையது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைப்பார்கள். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். கை தள்ளுவதைப் பிரேக் மிதிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தத் துண்டுதான். இது ஒடிந்தால் வண்டியில் பிரேக் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து இதையே தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறான், இது ஒடிந்தால் பிரேக் இல்லை, தேர்வுக்கு முன்னால் கழிவறையில் நின்று சூத்திரத்தை முணுமுணுப்பதுபோல. இரண்டு மணிக்கு இதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அடியில் என்ன இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. மூன்றரைக்கு வண்டியில் மாட்டுவார்கள். ஐந்து மணிக்கு எஸ்தர் டீச்சர் வால்பாறையிலிருந்து வண்டியெடுக்க வருவார். இப்போது எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள், தம்பி கிரி உட்பட. பசியில்லை என்று சொல்லிவிட்டு இவன் மட்டும் நிற்கிறான். பசியில்லாமலா. காலையில் குடித்த டீ வயிற்றுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் பெருக்கிவிட்டு இந்த மேசைக்கு அருகில் வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. நகம் ஒடிவதுபோல. ஒரே ஒரு தடவை. பல்லி என்று நினைத்தான். பிறகு கூரை என்று நினைத்தான், தகரம் வெயில் ஏறும்போது முறுக்கிக்கொண்டு சத்தம் போடும், தினமும் போடுவதுதான், ஆனால் அந்த நேரத்துக்கு வெயில் இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை, பக்கத்து மில் சுவரின் நிழல் கூரைமேல் முழுசாகக் கிடந்தது, வெளியே போய் நிமிர்ந்து பார்த்துவிட்டும் வந்தான். அப்படியானால் இரும்பு. இரும்பு தானாகச் சத்தம் போடுமா. போடும். ஐந்தாவது செமஸ்டரில் ஐந்து மதிப்பெண் கேள்வி, வெல்டிங் முடிந்து ஒரு நாள் கழித்தும் விரிசல் விடுவது ஏன், நான்கு காரணம் எழுதுக. எழுதினான். ஆங்கிலத்தில் எழுதினான், நெட்டுருப் போட்டபடியே, கமா எங்கே வருகிறதோ அங்கே கமா வைத்து, ஐந்துக்கு ஐந்து வாங்கினான். கெட்டியான இரும்பைச் சட்டென்று குளிர வைத்தால் அது கண்ணாடிபோல் ஆகிவிடும், உள்ளே மாட்டிக்கொண்ட வாயு வெளியே வர வழி தேடும், வழி இல்லாத இடத்தில் வழி பண்ணிக்கொள்ளும். இவ்வளவுதான் அந்த விடை. இது தமிழில் அவனுக்கு முதன்முதலாகப் புரிந்தது இன்று காலை, கையில் விளக்குமாற்றோடு. நாலு வருடம் படித்த படிப்பு ஒரு சத்தத்தில் வந்து நிற்கிறது. ஒருவேளை பல்லியாகவே இருக்கலாம். பல்லி என்றால் எத்தனை நன்றாக இருக்கும். கிழக்கே பார்த்துச் சொன்னால் இன்ன பலன் என்று அம்மா சொல்வாளே, அது எந்தப் பலனாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்று ஏழு. சாயத்தில் மண்ணெண்ணெய் வாடை. டப்பாவை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான், பார்க்காமல் இருந்திருக்கலாம், எட்டு மாதத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் கழித்துப்போட்ட மூன்று டப்பாக்கள், ஒன்று துடைக்க, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. கடைசி நாளன்று ஆய்வக உதவியாளர் கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போப்பா, குப்பைக்குத்தான் போகுது" என்று கொடுத்தார். சிவப்பை அடித்து ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, வெள்ளையை அடித்தால், விரிசலுக்குள் போன சிவப்பு மெல்ல வெள்ளைக்குமேல் கசிந்து வரும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும். வகுப்பில் அதைச் செய்து காட்டியபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது, அந்த நான்கு வருடத்தில் அப்படி ஆனது அந்த ஒரு தடவைதான். ஆனால் காலாவதி. சாயம் செத்திருந்தால் விரிசல் இருந்தும் காட்டாது. அப்போது கோடு தெரியவில்லை என்றால் விரிசல் இல்லை என்று அர்த்தமா, சாயம் இல்லை என்று அர்த்தமா. ஏற்கெனவே விரிசல் விட்ட வேறொரு துண்டின்மேல் முதலில் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஏன் அது தோன்றவில்லை. ஏனென்றால் கோடு தெரியாமல் போகட்டும் என்றுதான் அவன் டப்பாவையே எடுத்தான். சோதனை செய்தேன், ஒன்றும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்குக் காலாவதியான டப்பாதான் வசதி. இப்படி நினைத்ததும் வெட்கம் காதுவரை ஏறியது, தனியாக நிற்கும்போதும் காது சூடாகும் என்பது அவனுக்கே புதிதாக இருந்தது.

அந்த வாளி. தண்ணீர் வாளி மேசைக்குக் கீழேதான் இன்னும் இருக்கிறது, கை கழுவுவதற்கு வைத்தது. நேற்று மாலை கடைசிச் சுற்றை முடித்து முகமூடியைத் தூக்கினான், வெல்டிங் செர்ரிப்பழ நிறத்திலிருந்து மங்கிக்கொண்டிருந்தது, நன்றாகவே வந்திருந்தது, அலையலையாக, காசு அடுக்கினாற்போல, கிரி போடுவதுபோலவே. அந்தச் சந்தோஷம். அந்த நிமிடத்தில் தலை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை, கை மட்டும் குறடால் துண்டைப் பிடித்துத் தூக்கி வாளியில் முக்கியது. ஸ்ஸ்ஸ். கல்லூரியில் அப்படித்தான். முதல் வருடப் பட்டறை வகுப்பில் அறுபது பேர், நான்கு இயந்திரம், மணியடிப்பதற்குள் வெல்டிங் போட்டு, வாளியில் முக்கி, கசடைத் தட்டி, கைதாங்கும் சூட்டில் எடுத்துக்கொண்டு ஓடினால்தான் மதிப்பெண். அந்த ஸ்ஸ்ஸ் சத்தம் அவனுக்கு மதிப்பெண்ணின் சத்தம். அங்கே கொடுத்தது வெறும் மிருதுவான இரும்பு, அதை எதில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது. இந்தக் குழலோ பழைய லாரி ஆக்ஸிலிலிருந்து கடைந்தெடுத்தது, தேயாமல் உழைக்கட்டும் என்று தண்டபாணி அண்ணன் தேடி எடுத்த கெட்டி இரும்பு. இதற்கு முன்னால் சூடு காட்ட வேண்டும், பின்னால் மெல்ல ஆற வேண்டும். கிரி கேஸ் டார்ச்சின் தீயில் வாட்டுவான், ஒரு சொட்டு எச்சில் துப்பினால் அது குண்டாகி உருண்டு ஓட வேண்டும், அதுதான் அவன் கணக்கு, எத்தனை டிகிரி என்று கேட்டால் சிரிப்பான். முடித்ததும் வெயிலில் காயவைத்த மணல் ஒரு தகர டின்னில் இருக்கும், அதில் புதைத்துவிட்டுப் போய்விடுவான், மறுநாள்தான் எடுப்பான். எதற்குடா என்று முதல் மாதம் நவநீதன் கேட்டபோது, "தூங்கட்டும்ணா, எழுப்பக் கூடாது" என்றான். சூட்டை நவநீதன் சரியாகத்தான் காட்டினான். புத்தகத்தில் இருநூறு டிகிரி, எச்சிலும் துப்பிப் பார்த்தான், இரண்டு பள்ளிக்கூடத்தையும் மதித்தான். முடிவில் கை மூன்றாவதாக ஒன்றைச் செய்தது. முக்கிய அடுத்த விநாடியே தெரிந்துவிட்டது. சடாரென வெளியே எடுத்தான், எடுத்து என்ன, அதற்குள் ஆறிப்போயிருந்தது. அப்போது கிரி வெளியிலிருந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "மணல்ல போட்டுட்டியாண்ணா?" என்று கேட்டான். நவநீதன், "ம்" என்றான். அவ்வளவுதான். ஓர் எழுத்து. வாயைத் திறக்கக்கூட இல்லை. கிரி உள்ளே வருவதற்குள் துண்டை மணலில் புதைத்திருந்தான், ஈரத்தோடு. காலையில் அதை எடுத்தபோது அடியில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரி அதை வாங்கி, சின்னச் சுத்தியலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டான். "சத்தம் சுத்தமா இருக்குது. இன்ஜினீரு தேறிட்டாரு" என்றான். அப்போது சுத்தமாகத்தான் இருந்திருக்கும். நகம் ஒடிந்த சத்தம் அதற்குப் பிறகு, கால் மணி நேரம் கழித்து.

யார் இவனைப் போடச் சொன்னது. ஒருவரும் சொல்லவில்லை. இந்த மாதிரி வேலையெல்லாம் கிரிதான் செய்வான், இவன் வரைபடம் போடுவான், அளவெடுப்பான், வாகன அலுவலகத்துக்குக் காகிதம் தயார் செய்வான். எஸ்தர் டீச்சர் மூன்று வாரத்துக்கு முன்னால் அளவு கொடுக்க வந்தார். சின்ன வயதில் போலியோ, இரண்டு காலுக்கும் இரும்புச் சட்டம், ஆனால் தோளும் கையும் கிணற்றில் நீர் இறைப்பவர்போல உரமாக இருக்கும். வால்பாறையில் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை, வாரக் கடைசியில் பொள்ளாச்சிக்கு இறங்கி அம்மாவைப் பார்த்துவிட்டு ஏறுவார். பஸ்ஸில் ஏற்றிவிட ஆள், இறக்கிவிட ஆள். "இருபது வருசமா மூட்டை மாதிரி தூக்கி வைக்கிறாங்க தம்பி, ஒரு தடவையாச்சும் நானா இறங்கணும்" என்றார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பதையும் இறங்க வேண்டும், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து. "இதையெல்லாம் யாரு செய்யறது?" என்று கேட்டார். கிரி பக்கத்திலேயே நின்றான், கையில் கிரீஸ், முட்டிக்கு மேலே மடித்த லுங்கி. தண்டபாணி அண்ணன் கிரியைத் தாண்டி நவநீதனைக் காட்டி, "எங்க இன்ஜினீயர் தம்பி பார்த்துக்குவாருங்க டீச்சர்" என்றார். டீச்சர் முகம் இளகியது. எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று விசாரித்தார். கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து நவநீதன் என்று எழுதிக்கொண்டார், பிறகு நிமிர்ந்து, "படிச்சவங்க கையில இருக்குதுன்னா பயமில்ல" என்றார். கிரி குனிந்து ஸ்பானரைத் தேடினான். ஸ்பானர் அவன் கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து நவநீதனுக்கு அந்தக் குறிப்பேட்டின் ஞாபகம், அதில் பெயர் இருக்கிறது, பெயருக்கு ஏற்ற கை இல்லை. தானே போட்டால்தான் அது பொய்யாகாது என்று தோன்றியது. அதனால் நேற்று, "இதை நான் போடறேன்" என்றான். கிரி ஒரு விநாடி பார்த்துவிட்டு ராடுகளை எடுத்துக் கொடுத்தான். பொய்யாகக் கூடாது என்றுதான் தொடங்கினான், சாயங்காலத்துக்குள் ஓர் எழுத்தில் பொய் சொல்லி முடித்தான்.

ஒன்று பதினொன்று. இன்னும் நான்கு. வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகிறார்கள், கிரி இல்லை, கிரி நடப்பது தெரியும், குதிகாலில் நடப்பான். டீக்கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும், படித்து வருவதா, பட்டறையில் பழகி வருவதா. தண்டபாணி அண்ணனுக்கு அதில் ஒரு ருசி. "காலேஜுல நாலு வருசம் இரும்பைப் பத்திப் படிப்பாங்க, இரும்பு அங்க வரவே வராது" என்பார். சிரிப்பார்கள். நவநீதனும் சிரிப்பான், எல்லோரையும்விட உரக்க, பட்டறைதான் நிஜமான பள்ளிக்கூடம், படிப்பெல்லாம் காகிதம் என்று அவனே பேசுவான். வேடிக்கை என்னவென்றால் மறுத்துப் பேசுவது கிரி. "அப்படிச் சொல்லாதீங்ணா. எனக்கு வெல்டிங் வரும், ஏன் வருதுன்னு தெரியாது. எங்கண்ணனுக்கு ஏன்னு தெரியும், வராது. எனக்கு ரெண்டும் வேணும்." எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். படித்தவன் பட்டறைக்கு வக்காலத்து வாங்குகிறானே, என்ன பெருந்தன்மை என்று தண்டபாணி அண்ணன் ஒரு நாள் தோளைத் தட்டினார். பெருந்தன்மையா. அவனுக்கு அந்தப் பேச்சு வேண்டும். பட்டறையே போதும் என்பது உண்மையாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறுஞ்செய்தி.

அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான், ஆனால் பத்து நிமிடம் சும்மா நின்றால் எல்லாம் கசிந்து வருகிறது. இவன் பன்னிரண்டாவது முடித்த வருடம் கிரி பத்தாவது முடித்தான், நல்ல மதிப்பெண், ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். வீட்டில் ஒரே போன், இவன் கையில், இரண்டு விண்ணப்பத்திலும் இவன் எண். ஒரு மத்தியானம் செய்தி வந்தது. இன்ன தேதி, காலை ஒன்பது மணி, அசல் சான்றிதழ்களுடன் வரவும். அதே தேதி, அதே காலை, இவனுக்குப் பொறியியல் கலந்தாய்வு. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், ஒரே ஒரு நாள்தான் மில்லில் லீவு சொல்லியிருந்தார். கிரி சின்னவன், அப்பா அவனோடுதான் போவார், நீ பெரியவன், விவரம் தெரிஞ்சவன், தனியாப் போயிட்டு வா என்பார். இவனுக்கு அந்தப் பெரிய மண்டபம், ஆங்கிலத்தில் அறிவிப்பு, கோட்டுப் போட்ட தகப்பன்மார்கள், இதற்குள் ஒற்றை ஆளாக நுழைய முடியாது என்றிருந்தது. பயம். வேறெதுவும் இல்லை, தம்பி கெட்டுப்போகட்டும் என்று ஒரு விநாடிகூட நினைக்கவில்லை, தனியாகப் போகப் பயம், அவ்வளவுதான். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தான். சாயங்காலம் கலந்தாய்வுக்குச் சட்டை இஸ்திரி போட்டார்கள். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தான். அப்புறம் தேதி போய்விட்டது. தேதி போன ஒன்றை எப்படிச் சொல்வது. "எனக்குக் கூப்பாடு வரல போல, உடுண்ணா" என்று கிரியே சொன்னான். லெட்டர் வரும்வரை ஒரு மாசம் என்று போய் நின்ற பட்டறையில் ஐந்து வருடம் ஆகிவிட்டது. செய்தியை இவன் அழிக்கவில்லை. உடைந்த திரையோடு அந்தப் பழைய போன் வீட்டில் துணிப்பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, சார்ஜ் போட்டால் உயிர் வரும். ஏன் அழிக்கவில்லை என்று தெரியவில்லை. எதையும் அழிக்கத் துணிச்சல் இல்லாதவன், சொல்லவும் துணிச்சல் இல்லாதவன். இதுவும் ஒரு 'ம்' தான், சத்தமே வராத 'ம்'.

ஒன்று பதினைந்து. துடைக்கும் திரவத்தைத் துணியில் அடித்துத் துடைத்தான். துண்டின்மேல் நேராக அடிக்கக் கூடாது, அடித்தால் உள்ளே போனதையும் கழுவிவிடும், இது ஞாபகம் இருந்தது. கை இழுத்தது, நேராகவே அடித்துவிடேன், ஒரு தடவை, தெரியாமல் நடந்ததுபோல, கோடே வராது, நீயும் சோதனை செய்தவனாக இருப்பாய். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் துணியால் மட்டும் துடைத்தான். சிவப்பு போனது. நகக்கண்ணில் போகவில்லை, விரல் ரேகைகளில் போகவில்லை. வெள்ளையைக் குலுக்கினான், உள்ளே குண்டு கடகடத்தது, ஒரு முழம் தள்ளிப் பிடித்து மெல்லியதாக ஒரு வீச்சு. திருநீறு பூசினாற்போல் வெளுத்தது. சுற்றிலும் வெள்ளை. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. ஒன்று பதினேழு. சாயம் செத்ததாகவே இருக்கட்டும் என்றிருந்தது. டீச்சர் இந்நேரம் பஸ்ஸில் ஏறியிருப்பார், யாரோ இருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியிருப்பார்கள், இதுதான் கடைசித் தடவை என்று அவர்களிடம் சொல்லியிருப்பார், சிரித்திருப்பார். பிறகு வெல்டிங்கின் ஓரத்தில், குழல் பக்கம், ஒரு புள்ளி. மூக்குத்தி அளவுகூட இல்லை. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து இமையைத் தேய்த்தான். புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை, இளஞ்சிவப்பாக, யாரோ உள்ளேயிருந்து எழுதுவதுபோல மெதுவாக, அவசரமே இல்லாமல், குழலைச் சுற்றிக் கால்வாசி தூரத்துக்கு. அவன் மூச்சை விடாமல் பார்த்தான். ஒரு பக்கம் இது ஒடிந்தால் பிரேக் இல்லை, இன்னொரு பக்கம், அதை எப்படிச் சொல்வது, சரியாக வந்திருக்கிறதே என்று ஒரு நிம்மதி, சாயம் உயிரோடு இருக்கிறது, படித்தது உயிரோடு இருக்கிறது. உடனே அந்த நிம்மதியை வெறுத்தான். துணி கையிலேயே இருந்தது. ஒரே துடைப்பு. இரண்டு மணிக்குக் கறுப்புப் பெயின்ட். வண்டி ஓடும், ஒரு மாதம் ஓடும், ஒரு வருடம்கூட ஓடலாம், எல்லா விரிசலும் ஒடிந்துவிடுகிறதா என்ன. நாற்பது வளைவு. ஒவ்வொன்றிலும் டீச்சரின் அந்த உரமான கை முழுப் பலத்தோடு தள்ளும். துணியை இறுக்கினான். விரல் சிவப்பாக இருந்தது, எதைத் துடைத்தாலும் விரல் சிவப்பாகத்தான் இருக்கும்.

குதிகால் சத்தம். கிரி வாசலில் நின்றான், கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி.

"ஏனுங் இன்ஜினீரே, விரதமா? அம்மா முட்டை வெச்சிருக்குது, ரெண்டுல ஒண்ணை நான் தின்னுட்டேன், இன்னொண்ணும் ஆபத்துலதான் இருக்குது." பிறகு மேசையைப் பார்த்தான். "என்னண்ணா இது, துண்டுக்குத் திருநீறு குங்குமமெல்லாம் வெச்சிருக்க? பூசையா?"

நவநீதன் துணியை மேசைமேல் வைத்தான், வைப்பதற்கு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கிரி குனிந்தான். தொடப் போனான், தொடவில்லை. சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று பிறகு போனது.

"விரிசலா?"

"ஆமா."

"நான் தட்டிப் பார்த்தனே."

"அதுக்கப்புறம் உட்டிருக்குது. ஒரு நாள் கழிச்சுக்கூட உடும்." நவநீதன் வாளியைக் காட்டினான். "கிரி, நேத்து நான் மணல்ல போடல. தண்ணில முக்கிட்டேன். முக்கிட்டு அப்புறமா மணல்ல வெச்சேன். நீ கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

கிரி வாளியைப் பார்த்தான். பிறகு தூக்குப்போசியை ஒரு ஸ்டூலின்மேல் வைத்து, அது சரியாக நிற்கிறதா என்று இரண்டு தடவை அசைத்துப் பார்த்தான்.

"அண்ணனுக்குப் போன் போடு" என்றான்.

போட்டான். தண்டபாணி அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மெல்லும் சத்தம் கேட்டது. நவநீதன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், வாளி, மணல், 'ம்' உட்பட. மெல்லும் சத்தம் நின்றது.

"டீச்சர் இந்நேரம் மலையில பாதி இறங்கியிருப்பாங்களேப்பா."

"தெரியுங்ணா."

"கைநோகாம காகிதம் எழுதிட்டிருந்தவன், உனக்கு எதுக்குத் தம்பி இது?" விடைக்குக் காத்திராமல், "வரட்டும். வந்து உக்காரட்டும். வண்டி இன்னைக்கு இல்லைன்னு நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். உம் பேரைத்தான எழுதிட்டுப் போனாங்க" என்றார். வேலையில் இருப்பாயா மாட்டாயா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு டீச்சர் ஆட்டோவிலிருந்து இறக்கிவிடப்படுவார். குறிப்பேடு கைப்பையில் இருக்கும். என்ன சொல்லித் தொடங்குவது, டீச்சர் வணக்கம் என்றா, மன்னிச்சுக்குங்க என்றா, மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிட யார் போவது. நவநீதன் இதில் சிக்கி நின்றபோது கிரி சுவரோரம் போய் ஆணியில் தொங்கிய இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தான். இதே அளவு, இதே குழல், போன மாதம் உதிரிக்கென்று அவன் செய்து வைத்தது. பெயின்ட் அடிக்காதது. மேசைமேல் வைத்தான்.

"இதுல அடி."

"உன்னுது ஒண்ணும் ஆகியிருக்காதுடா. நீ மணல்லதான போட்ட."

"எனக்கெப்படித் தெரியும்?" கிரியின் குரல் உயரவில்லை, இன்னும் தாழ்ந்தது. "தட்டிப் பார்ப்பேன், சத்தம் நல்லா இருந்தா அனுப்பிடுவேன். உன்னுதுலயும் சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. ஏழு வண்டிண்ணா. நான் போட்டது ஏழு வண்டி ரோட்டுல ஓடுது. தாராபுரத்துக்காரர் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு." துண்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான், பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல. "இப்படி ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

நவநீதன் சிவப்பு டப்பாவைக் குலுக்கினான். அடியில் கொஞ்சம் இருந்தது, ஒரு துண்டுக்குப் போதும். வெல்டிங்கை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, சிவப்பை அடித்தான். கிரி டப்பாவை வாங்கி எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

"டேட் போயிருக்குது."

"வேலை செய்யுது. பார்த்தியே."

"எத்தனை நிமிசம்?"

"பத்து."

கிரி மணல் டின்னைக் கவிழ்க்காமல் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று நாற்பது. தன் கையால் போட்ட வெல்டிங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத முகம், தேர்வு முடிவு ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்கும் முகம், கிரிக்கு அப்படி ஒரு முகம் வாய்க்காமல் போனதே இவனால்தான். ஐ.டி.ஐ.யில் இந்த மூன்று டப்பாவையும் முதல் வருடத்திலேயே காட்டியிருப்பார்களோ என்னவோ. காட்டியிருக்காமலும் போகலாம், வாளியில் முக்கக்கூடக் கற்றுக்கொடுத்திருக்கலாம். யாருக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வழியில்லாமல் ஆக்கியதுதான் இவன் செய்தது. சாயம் வழிந்து செய்தித்தாளில் ஓர் எழுத்தை நனைத்து அடுத்த எழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சொன்னால் கிரி இவன் முகத்தில் அறைவான், அல்லது அறைய மாட்டான், அறையாவிட்டால் அதை எப்படித் தாங்குவது. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம். டீச்சர் வந்து போகட்டும், ஒரே நாளில் எத்தனையைத்தான். சாயங்காலம் சொல்லலாம். சாயங்காலம் என்ற சொல் வந்ததும் அவனுக்கு அந்த இஸ்திரிப் பெட்டியின் சூடு முகத்தில் அடித்தது, அன்றைக்கும் இப்படித்தான், இதே சொல்.

"கிரி."

"ம்."

"நீ பத்தாவது முடிச்ச வருசம், உனக்கு ஐ.டி.ஐ.யிலருந்து கூப்பாடு வந்துச்சு. எம் போனுக்கு வந்துச்சு. நான்தான் சொல்லல."

தகரக்கூரை ஒரு தடவை முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. கிரி திரும்பவில்லை. அவன் கண் கடிகாரத்திலேயே இருந்தது, விநாடி முள் சுற்றி வந்தது, ஒன்று நாற்பத்தொன்று. துடைப்பதற்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.